வாசித்த பிறகு போடும் வாக்கு

கற்பிட்டி பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர் உப்பளத்தில் வேலை செய்பவர். உப்பில் வெடித்த விரலால் போனில் ஒரு பதிவைத் தள்ளித் தள்ளி, உதடசைத்து வாசித்தார். கடைசி வரி முடிந்த பிறகுதான் வாக்குப் போட்டார். நானும் எழுதும் தளம்தான் அது. பதிவுக்கு விழும் வாக்குகள் அங்கே டிஜிட்டல் காசாக மாறும். முந்திக்கொண்டு வாக்களிப்பவருக்கும் பங்குண்டு.

“நானா, வாசிச்சு முடியிறதுக்குள்ள பங்கு கொறஞ்சிருமே?” என்று அண்ணனிடம் கேட்பதுபோலக் கேட்டேன்.

“ஓம் தம்பி, கொறயும். எங்கட உம்மா மவுத்தாகி, அடக்கிட்டு வந்து நான் எழுதினேன். நிறைய வோட்டு விழுந்திச்சி, காசும் வந்திச்சி. உம்மாவப் பத்தி ஒருத்தரும் ஒரு கதை கேக்கல்ல. அதான் நான் முழுக்க வாசிக்கிற,” என்று சிரித்தார். பாலாவியில் இறங்கிப் போனார்.

திரையில் பார்த்த அவருடைய புனைபெயர் நினைவிலிருந்தது. வீட்டுக்கு வந்து தேடினேன். உம்மாவைப் பற்றிய அந்தப் பதிவு இப்படி முடிந்திருந்தது: “எங்கட உம்மா மீன் ஆணத்துக்கு மாங்கா போடுவா. உங்கட உம்மா?”

அதன் கீழே முதல் ஆளாக நான்தான் எழுதியிருந்தேன்: “அருமை.”

அந்தத் தளத்தில் ஒருமுறை எழுதியதை அழிக்க முடியாது. அதற்குக் கீழே என் உம்மா காய்ச்சும் மீன் ஆணத்தைப் பற்றி நீளமாக எழுதினேன். பழைய பதிவுக்குக் காசு விழாது. அவர் வாசித்தாரா என்று இன்றும் திறந்து பார்க்கிறேன்.