சிங்காநல்லூரிலிருந்து பேசுகிறேன்

நான் என்ன வேலை செய்கிறேன் என்பது எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு இன்றுவரை பிடிபடவில்லை. "ஏனுங்க அம்மணி, வெள்ளக்காரங்களுக்கே இங்கிலீசு சொல்லித் தர்றீங்களாமா?" என்று விசேஷ வீடுகளில் கேட்பார்கள். வெள்ளைக்காரர்களுக்கு இல்லை, அந்தப் பாஷையிடம் மாட்டிக்கொண்ட மற்றவர்களுக்கு என்பேன். சிரித்துவிட்டு இலை போட்டாச்சா என்று பார்க்கப் போய்விடுவார்கள்.

மஸ்கட்டில் சில வருடம், பிறகு வியட்நாமில் ஒரு துறைமுக ஊரில் சில வருடம் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தேன். வியட்நாம் பள்ளியின் வாசல் பலகையில் தங்கநிறத் தலைமுடிக்காரி ஒருத்தி சிரித்துக்கொண்டிருப்பாள். அவள் யாரென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. படத்துக்கு அவள், பாடத்துக்கு நான். தினமும் அவளைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போக வேண்டும், தினமும் எரிச்சலாக வரும்.

இப்போது சிங்காநல்லூரில் இருக்கிறேன். கணவரின் லேத் பட்டறை தெருக்கோடியில், என் வகுப்பு வீட்டின் முன்னறையில், லேப்டாப்பில். என்னை வேலைக்கு எடுத்த ஆன்லைன் கம்பெனி ஒரு வெள்ளைக்காரப் பெயரையும் ஒரு பிளக்ஸையும் அனுப்பிவைத்தது. பிளக்ஸில் அச்சடித்திருந்தது ஒரு புத்தக அலமாரி. அதை நாற்காலிக்குப் பின்னால் கட்டிவிட்டு, இங்கிலாந்தில் இருப்பதுபோலப் பேச வேண்டும். வாய்திறந்து பொய் சொல்ல மாட்டேன் என்று சண்டை போட்டேன். "சொல்ல வேண்டாம் மேடம், அவங்களா நினைச்சுக்கட்டும்" என்றார் சென்னையிலிருந்து என்னைக் கண்காணித்த அதிகாரி. அந்தப் பேரத்தில் எனக்குத் துளியும் திருப்தியில்லை. ஆனாலும் மாணவர்களை விட மனமில்லாமல் பிளக்ஸைக் கட்டினேன்.

ஞாயிறு சாயங்கால வகுப்பில் மூன்று பேர். ஓமனிலிருந்து ஒரு மருந்துக் கடைக்காரர், தப்பும் தவறுமாக அருவி மாதிரி கொட்டுவார். ஜப்பானில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்து வைத்ததுபோலப் பேசுவார். மூன்றாவது, வியட்நாமில் ஒரு ஓட்டலில் படுக்கை விரிக்கும் பெண். வரவேற்பு மேசையில் உட்கார வேண்டும் என்பது அவள் ஆசை. மாதக் கடைசியில் அதற்கான நேர்காணல் இருந்தது. எழுதச் சொன்னால் எங்கள் கல்லூரிப் பேராசிரியர்களே தோற்றுப்போவார்கள். பேசச் சொன்னால் மைக்கும் திறக்காது, கேமராவும் திறக்காது. திரையில் வெறும் கறுப்புக் கட்டம்.

"அந்தம்மாவை எழுத்து வகுப்புக்கு மாத்திடுங்க மேடம்" என்றார் அதிகாரி. முடியாது என்றேன். எழுத மட்டும் செய்கிறவளை யார் வரவேற்பு மேசையில் உட்கார வைப்பார்கள்? பாட்டுப் போட்டுப் பார்த்தேன், படம் காட்டிப் பார்த்தேன், தனியாக அழைத்துப் பார்த்தேன். 'மன்னியுங்கள், டீச்சர்' என்று எழுத்தில் வரும், குரல் வராது. நேர்காணலுக்கு முன்னால் அவளைப் பேச வைக்காமல் ஓய்வதில்லை என்று எனக்குள் ஒரு பிடிவாதம் ஏறிவிட்டது.

நேர்காணலுக்கு முந்தைய ஞாயிறு. அன்றைக்கு ஒரு முடிவோடு உட்கார்ந்தேன். "நான் விருந்தாளி, நீ வரவேற்பாளர். நீ பேசும்வரை நாங்கள் யாரும் பேசப்போவதில்லை" என்று அவளிடம் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். மற்ற இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். கறுப்புக் கட்டம் அசையவில்லை. அந்த அமைதிக்குள் எங்கள் வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஊட்டுல ஆருங்க?"

கணவரின் சித்தப்பாவும் சித்தியும். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்திருக்கிறார்கள், கையில் தட்டோடு. எங்கள் பக்கத்தில் வந்தவர்களை, அதுவும் பத்திரிகையோடு வந்தவர்களை, எழுந்து நின்று 'வாங்க' என்று கேட்காமல் இருப்பது சின்னக் குற்றமில்லை. அந்த ஒரு வார்த்தை கேட்காததால் பேச்சுவார்த்தை அற்றுப்போன குடும்பங்கள் உண்டு. வகுப்பு, கம்பெனி, இங்கிலாந்து எல்லாம் அந்தக் கணத்தில் மறந்துபோயிற்று. உடம்பு தானாக எழுந்தது.

"வாங்க மாமா, வாங்க அத்தை" என்றேன், ஹெட்செட் மைக்கிலேயே. எழுந்த வேகத்தில் வயர் இழுத்து, லேப்டாப் திரும்பிக்கொண்டது. கேமராவுக்கு முன்னால் பிளக்ஸின் ஓரம், அதற்கப்பால் அரிசி மூட்டை, கொடியில் கணவரின் வேட்டி, நிலைப்படியில் வெற்றிலைபாக்குத் தட்டோடு அத்தை.

லேப்டாப்பைத் திருப்பி வைத்து, ஒன்றும் நடக்காததுபோல வகுப்பைத் தொடர்ந்திருக்கலாம். மனம் வரவில்லை. என் வீட்டு நிலைப்படியில் நிற்கிற மனிதர்களை மறைத்துவைத்து யாருக்குப் பாடம் நடத்துவது? பிளக்ஸை ஒரு பக்கம் அவிழ்த்துவிட்டு மாணவர்களிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்: "இவர்கள் என் கணவரின் சித்தப்பா, சித்தி. மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்திருக்கிறார்கள். நான் இந்தியாவில், கோயம்புத்தூரில், சிங்காநல்லூர் என்ற இடத்திலிருந்து பேசுகிறேன். இங்கிலாந்தை நான் பார்த்ததேயில்லை." பிறகு என் சொந்தப் பெயரைச் சொன்னேன்.

அத்தை திரையைக் குனிந்து பார்த்தார். "இதுக்குள்ள இருக்கறவங்கெல்லாம் ஆரு கண்ணு?"

"எங்கிட்டப் படிக்கறவங்க, அத்தை."

"அப்பறம் அவங்கள உட்டுப்போட்டு உன்னைய மட்டும் கூப்புட்டா நல்லாவா இருக்கும்?"

ஒரு வீட்டுக்குள் பத்திரிகையோடு நுழைந்தால் அங்கே இருக்கிற எல்லாரையும் அழைத்தாக வேண்டும். ஒருவரை விட்டாலும் குறைதான். அத்தை தட்டைத் திரைக்கு நேராக நீட்டி, மருந்துக் கடைக்காரரைப் பார்த்து, "குடும்பத்தோட வந்துருங்க" என்றார். ஜப்பான்காரரிடம், "நீங்களுமுங்க, மொத நாளே வந்தர்றீங்க" என்றார். நான் மொழிபெயர்த்தேன். பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்து, இடுப்பு வளைத்து வணங்கினார். மாமா உடனே துண்டைத் தோளிலிருந்து எடுத்துப் பதில் கும்பிடு போட்டார்.

"இந்தக் கறுப்புக் கட்டத்துல ஆருமில்லீங்களா?"

"ஒரு பொண்ணு இருக்குது, அத்தை. பேசாது."

"பேசாட்டிப் போகுது, காதாவது கேக்குமல்ல?" என்ற அத்தை கட்டத்துக்கு நேராகத் தட்டைக் கொண்டுபோய், "கண்ணு, நீயும் வரோணும்" என்றார்.

அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். மைக் திறந்தது. "நன்றி. கல்யாணம் என்றைக்கு?" என்று ஒரு மெல்லிய குரல் ஆங்கிலத்தில் கேட்டது. இத்தனை மாதத்தில் அந்தக் குரலை அப்போதுதான் கேட்கிறேன். தட்டிலிருந்த பத்திரிகையை எடுத்துத் தேதியைத் தேடினேன்.

நான் பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்வி வந்தது. "டீச்சர், நீங்களும் கற்றுக்கொண்டதா இந்த இங்கிலீஷ்?"

கற்றுக்கொண்டதுதான் என்றேன். பெரியநாயக்கன்பாளையத்தில் தமிழ்வழிப் பள்ளியில் படித்ததையும், கல்லூரி முதல் வருடம் முழுக்க வாயே திறக்காமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். "இங்கிலாந்துக்கார அம்மா முன்னால் தப்பாகப் பேசக் கூடாது என்று நினைத்தேன்" என்றாள் அவள். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பிளக்ஸைக் கிழித்தே போட்டிருப்பேன். பின்னால் மாமாவும் அத்தையும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததால் விட்டேன்.

அன்றைக்கு அவள் தன் தங்கை கல்யாணத்தைப் பற்றிப் பேசினாள். வாக்கியத்துக்கு ஒரு பிழை. ஒன்றைக்கூட நான் திருத்தவில்லை. வகுப்பு முடியும்போது என் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மறுநாள், வகுப்பின் பதிவைப் பார்த்துவிட்டு அதிகாரி கூப்பிட்டார். "லீவுக்கு இந்தியா வந்திருக்கேன்னு சொல்லிடுங்க மேடம், சமாளிச்சுக்கலாம்."

"இல்லீங்க. இனி என் பேர்ல, என் ஊர்ல இருந்து நடத்தறதா இருந்தா நடத்தறேன்."

"கம்பெனி ஒத்துக்காது மேடம்."

"அப்ப வேற ஆளப் பாருங்க" என்று போனை வைத்துவிட்டேன். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் நிம்மதியாகக் காப்பி குடித்தேன். பிளக்ஸைப் பட்டறையில் மழைத்தண்ணீர் ஒழுகும் இடத்துக்குக் கட்டிக்கொள்ளச் சொல்லிக் கணவரிடம் கொடுத்தேன்.

அடுத்த வாரம் வியட்நாமிலிருந்து ஒரு செய்தி வந்தது. எழுதவில்லை, குரலில் பேசி அனுப்பியிருந்தாள். அவளை எடுக்கவில்லையாம். எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாளாம், இரண்டு இடத்தில் தப்பு வந்ததாம், அவர்கள் சிரித்தார்களாம். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து மீதியையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்து வந்தாளாம். வியாழக்கிழமை இன்னொரு ஓட்டலில் நேர்காணல். "புதன்கிழமை எனக்கு வகுப்பு எடுக்கிறீர்கள்" என்று முடித்திருந்தாள். கேட்கவில்லை, சொல்லியிருந்தாள்.