வரைபடத்தில் இல்லாத இரண்டு ஒட்டுகள்

இரும்புக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வருவதைப் படித்துச் சொல்வது எங்கள் தொழில். உள்ளே ஒன்றும் இல்லை என்று சொன்னால் டீ தருவார்கள், இருக்கிறது என்று சொன்னால் கருவி சரியா என்று கேட்பார்கள். கெட்ட செய்தி சொல்லிப் பிழைக்கிற எல்லோருக்கும், பல் வைத்தியர் முதல் கணக்குத் தணிக்கைக்காரர் வரை, இது பழகிய அனுபவம்தான். உங்களுக்கும் இருக்கும்.

நான் சொல்லப்போவது ஐந்து நாள் வேலை ஒன்றைப் பற்றி. லிந்துலைக்கும் வட்டகொடைக்கும் நடுவே ஒரு தேயிலைத் தோட்டம். மேலே ஓடையை மறித்து, தண்ணீரைச் சரிவில் இரும்புக் குழாய் வழியே இறக்கி, கீழே சின்ன பவர்ஹவுஸில் மின்சாரம் எடுக்கிறார்கள். ஒரு ஆள் தவழ்ந்து போகக்கூடிய குழாய். வருடாந்தப் பழுதுபார்ப்புக்காக அதை ஒரு மாதம் முன்பே காலி செய்திருந்தார்கள். குழாய்த் துண்டுகளை இணைக்கும் வெல்டிங் ஒட்டுகள் நாற்பதையும் நான் சோதித்துக் கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை தண்ணீர் விடுவார்கள். ஒட்டு ஒன்று பிளந்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சரிவில் நின்று கீழே பார்த்தால், காம்பராவுக்கு ஒரு குடும்பமாகத் தொழிலாளர்கள் குடியிருக்கும், பன்னிரண்டு காம்பராக்கள் உள்ள லயத்தின் தகரக் கூரை தெரிந்தது.

அடுப்படியில் குளிர் காய்ந்த கட்டி

எங்கள் கருவி ஒரு சின்னத் தள்ளுவண்டி. ஒட்டுக்கு இரண்டு பக்கமும் தீப்பெட்டி அளவில் ஒலியை அனுப்பவும் வாங்கவும் இரண்டு உறுப்புகள், குழாயைப் பற்றிக்கொள்ளக் காந்தச் சக்கரங்கள், எவ்வளவு தூரம் தள்ளினோம் என்று எண்ண ஒரு ரப்பர்ச் சக்கரம். தள்ளுவது கையால்தான். தினமும் காலையில், தெரிந்த ஆழத்தில் துளைகள் போட்ட ஓர் இரும்புக் கட்டியை முதலில் காட்டி, கருவி அந்த ஆழத்தைச் சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டியும் குழாயும் ஒரே குளிரில் இருக்க வேண்டும் என்பது விதி. புதன்கிழமை காலை அந்தக் கட்டியைக் காணவில்லை. என்னோடு வேலை பார்க்கும் ஹட்டன் ரஃபீக், பனியில் நனைந்துவிட்டது என்று இரக்கப்பட்டு, அதையும் தள்ளுவண்டியையும் பவர்ஹவுஸ் வாச்சர் முத்துக்கருப்பனின் அடுப்போரம் வைத்திருந்தார். அங்கேயே சரிபார்த்தும் முடித்துவிட்டார்.

குழாயில் வைத்ததும் ஆழங்கள் எல்லாம் தள்ளித் தள்ளி வந்தன. கட்டியைக் குழாயின் மேலேயே அரை மணி நேரம் வைத்து, முழுவதும் குளிர்ந்த பிறகு முதலிலிருந்து தொடங்கினோம். குழாய் எப்போதும் சில்லென்று இருக்கும், அடுப்படியில் அளந்தால் பொய் சொல்லும் என்று ரஃபீக்குக்கு நான் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற முத்துக்கருப்பன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "எல்லா எடமும் சில்லுன்னு இருக்காதுங்க சார். மேல ஒரு எடத்துல கை வச்சா, யாரோ இப்பத்தான் எந்திரிச்சுப் போன பாய் மாதிரி இருக்கும்."

நாற்பத்திரண்டு

வேலை தொடங்குமுன் எல்லா ஒட்டுகளுக்கும் சோக்கட்டியால் எண் போடுவது வழக்கம். கீழிருந்து நான் போட்டுக்கொண்டு போனேன். வரைபடத்தில் நாற்பது. மேலே போய்ச் சேர்ந்தபோது என் கையில் நாற்பத்திரண்டு. மூச்சு வாங்கியதில் எண்ணை விட்டிருப்பேன் என்று ரஃபீக் மேலிருந்து எண்ணிக்கொண்டு இறங்கினார். அவருக்கும் நாற்பத்திரண்டு.

மூன்றாவது முறை இருவரும் சேர்ந்து நடந்தோம். துண்டுகள் எல்லாம் ஒரே நீளம். பதினேழாவது ஒட்டைத் தாண்டியதும் மட்டும், ஒரு துண்டின் நட்டநடுவில், இரண்டு ஒட்டுகள் வளையம் போல ஓடின. வெல்டிங் கரடுமுரடாக இருந்தது, அவசரத்தில் போட்டது. வளையங்களுக்கு நடுவில் ஏழரை அடி. நல்ல குழாயை எதற்காக நடுவில் வெட்டியெடுத்துத் திரும்ப ஒட்டினார்கள் என்று தெரியவில்லை. சோக்கட்டியால் 17-அ, 17-ஆ என்று எழுதினேன். கை வைத்துப் பார்த்தேன். முத்துக்கருப்பன் சொன்ன இடம் இதுதான் என்பதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. டேப்பைச் சுருட்டிக்கொண்டே ரஃபீக் சொன்னார்: "எங்க பள்ளிவாசல்ல மையத்து அடக்கத்துக்குத் தூக்குற சந்தூக்குப் பெட்டியும் இதே நீளம்தாண்ணே."

கஞ்சி

ஒலி காற்றைத் தாண்டி இரும்புக்குள் போகாது. நடுவில் ஈரமாக ஏதாவது வேண்டும். கொழும்பிலிருந்து வரும் பசையை மலைமழை ஐந்து நிமிடத்தில் கழுவிவிடுவதால், நாங்கள் ஒரு மாவை வாளியில் கெட்டியாகக் கரைத்துத் தடவுவோம். பார்க்க அச்சாகக் கஞ்சிதான். தோட்டங்களில் இதைக் குடிக்கலாமா என்று கேட்காதவர்கள் இல்லை. ஒரு நாய் குடித்தே விட்டது, ஒன்றும் ஆகவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் 17-ஆ ஒட்டின்மேல் அதை ஊற்றிக்கொண்டிருந்தோம். சரிவில் கொழுந்துக் கூடையோடு வந்த ஒரு பெண் நின்றுவிட்டார். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். பெயர் ராஜேஸ்வரி என்றும், கீழே லயத்தில் முதல் காம்பரா அவருடையது என்றும் பிறகு தெரிந்துகொண்டோம். வாளியைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். கோபமோ அழுகையோ இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு யாரோ தப்பான பலகாரம் வைத்துவிட்டது போன்ற ஒரு சங்கடம். "அப்பாவுக்குக் கஞ்சி புடிக்காதுங்க சார்," என்றார். "ரொட்டின்னா திம்பாரு."

தட்டிவிட்டுப் போகிறவர்கள்

குழாய்க்குள் யாரோ தட்டுவது போல இரண்டு சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததை முதல் நாளே கவனித்திருந்தேன். காரணம் வெள்ளிக்கிழமை தெரிந்தது. கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறவர்கள் அந்த ஏழரை அடித் துண்டைக் கடக்கும்போது, விரல் முட்டியாலோ செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியின் பிடியாலோ இரண்டு தட்டுத் தட்டுகிறார்கள். தட்டிவிட்டு ஒரு நொடி நிற்கிறார்கள். பிறகு போகிறார்கள்.

ராஜேஸ்வரியிடம் கேட்டேன். அவர் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அவருடைய அப்பா குழாய்க்குள் தவழ்ந்து ஏறி, பின்னால் இறங்கிக்கொண்டே வர்ணம் பூசிக்கொண்டிருந்தாராம். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் மேலே யாரோ மதகைத் திறந்துவிட்டார்கள். உடனே மூடிவிட்டார்கள், ஆனால் இடுப்பில் கட்டியிருந்த கயிறு சிக்கி அவர் நடுவில் அகப்பட்டுக்கொண்டார். வெளியில் தட்டிக்கொண்டே போனதில், இந்த இடத்தில் பதிலுக்கு இரண்டு தட்டு வந்திருக்கிறது. தலைக்கு மேலேயும் காலுக்குக் கீழேயும் சூடு படாமல் இடம் விட்டு இரண்டு பக்கமும் வெட்டினார்கள். வெட்டி முடிக்கும்போது பதில் நின்றுவிட்டது. அவரை வெளியே எடுத்துவிட்டுத் துண்டைத் திரும்ப வைத்து ஒட்டினார்கள். ஒட்டைப் பதிந்தால் ஏன் வெட்டினார்கள் என்றும் பதிய வேண்டியிருக்கும். அதனால் இரண்டையும் பதியவில்லை. வேலையாட்களின் பதிவேடான செக்ரோலில் அவர் வேலையை விட்டுப் போனதாகத்தான் இருக்கிறதாம்.

தட்டுவதன் முறையும் அவர்தான் சொன்னார். பதில் வரவில்லையென்றால் மலைக்குப் போகலாம், வந்தால் போகக்கூடாது. வருடா வருடம் குழாய் காலியாகும், போன வருடம் வரை ஒருமுறையும் வந்ததில்லை. நான் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தேன். இரண்டு சத்தத்துக்குப் பின்னால், விரிசல் விட்ட பானை அதிர்வது போல, தாமதமாக ஒன்று எழுந்து அடங்கியது. ராஜேஸ்வரி என் முகத்தைப் பார்க்கவில்லை. "மூணு வாரமா வருதுங்க சார். அதான் குழாய்க்குப் பக்கத்துல யாரும் கொழுந்து எடுக்கல, தாண்டி மட்டும் போறோம். கங்காணி ஏசுறாரு. நீங்களே வந்து தட்டிப் பாருங்கன்னோம். அவரும் வரல."

நடக்கும் விரிசல்

அன்றே 17-அ ஒட்டைச் சோதித்தோம். திரையில் விரிசல் தெரிந்தது, உச்சிக் கோட்டிலிருந்து முப்பத்தொரு சென்டிமீட்டரில். உறுதிப்படுத்த மறுபடி தள்ளினேன். இருபத்தேழில் நின்றது. மூன்றாவது முறை முப்பத்துநாலு. ரஃபீக் வாளியை வைத்துவிட்டு நாலடி தள்ளிப்போய் நின்றுகொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அப்படி நிற்க ஆசைதான்.

தவறு என்னுடையது. தூரத்தை எண்ணும் ரப்பர்ச் சக்கரத்தில் கஞ்சி காய்ந்து, பாசியில் வழுக்கிக்கொண்டிருந்தது. ஒரு மீட்டர் தள்ளினால் ஒருமுறை தொண்ணூற்று மூன்று என்கிறது, இன்னொரு முறை எண்பது என்கிறது. தினமும் பார்க்க வேண்டியதை முதல் நாள் மட்டும் பார்த்துவிட்டு விட்டிருந்தேன். பழைய பல்துலக்கியால் சக்கரத்தைத் தேய்த்து, குழாயில் பாசியைச் சுரண்டி, இரும்பு அடிக்கோலை வைத்துச் சரிபார்த்து மறுபடி தள்ளினேன். விரிசல் நடப்பதை நிறுத்தி முப்பத்தைந்தில் நின்றது. ஒரு சாண் நீளம், ஆழம் இரும்பின் கனத்தில் பாதிக்கு மேல்.

ஆனால் தவறான மூன்று பதிவுகளும் கருவியின் நினைவில் இருந்தன. சனிக்கிழமை வந்த கம்பெனி எஞ்சினியர் மாத்தயா முதலில் அவற்றைத்தான் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. சிங்களவர், ஆனாலும் நல்ல தமிழ் பேசுவார். திங்கட்கிழமை தண்ணீர் விடச் சொல்லிக் கொழும்பிலிருந்து அவரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். லிஸ்டில் இருக்கிற நாற்பதும் சரி என்றால் நாற்பதுக்குக் கையெழுத்துப் போடுங்கள், லிஸ்டில் இல்லாததை விடுங்கள் என்றார். கீழே பன்னிரண்டு குடும்பம் இருக்கிறது என்றேன். திரையை என் பக்கம் திருப்பினார். "ஒரே விரிசல் மூணு எடத்துல நிக்குமா? பேய் புடிச்சது குழாய்க்கு இல்ல ஐயா, உங்க மெஷினுக்கு."

ஞாயிற்றுக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை, ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் காலைப் பெரட்டு இல்லை. மலையில் ஆள் கிடையாது. பத்து மணிக்கு மூடுபனி இறங்கி, குழாயின் இரண்டு முனையும் மறைந்துவிட்டன. நானும் ரஃபீக்கும் 17-அ ஒட்டைக் கடைசியாக ஒருமுறை பதிந்துகொண்டிருந்தோம். உள்ளே இரண்டு தட்டுக் கேட்டது. யாரோ கடந்துபோகிறார்கள் என்று தலையைத் தூக்கினேன். தட்டுகிற இடத்தில் நாங்கள்தான் உட்கார்ந்திருந்தோம். ரஃபீக் உதடு அசையாமல் ஏதோ ஓதினார்.

பதினொரு மணிக்கு எஞ்சினியர் கையெழுத்து வாங்க வந்தார். படிவத்தில் நாற்பது வரிசைதான் அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே பேனாவால் கோடு போட்டு, 17-அ, விரிசல், தண்ணீர் விடக்கூடாது என்று எழுதி வைத்திருந்தேன். இதை ஏற்க முடியாது, கருவி நம்பகமில்லை என்றார். அப்படியென்றால் கருவி வேண்டாம், நீங்களே இரண்டு தட்டுத் தட்டுங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே குனிந்து, கார்ச் சாவியால் இரண்டு தட்டினார். உள்ளிருந்து வந்ததை நாங்கள் மூவரும் கேட்டோம். சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. நிமிர்ந்து ரஃபீக்கின் கைகளைப் பார்த்தார், பிறகு என் கைகளைப் பார்த்தார். பேனாவை வாங்கி, நான் எழுதிய வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு மெதுவாகக் கேட்டார்: "நான் ரெண்டு தரம்தானே தட்டினேன்?"

பாதியில் நின்ற வர்ணம்

திங்கட்கிழமை தண்ணீர் விடவில்லை. அடுத்த வாரம் அந்தத் துண்டை வெட்டியெடுத்துப் புல்லில் போட்டார்கள். இரும்பை வெட்டும் வாயு விளக்கின் தீ பட்டதும் 17-அ ஒட்டின் விரிசல் இரும்பின் அந்தப் பக்கம் வரை ஓடித் திறந்துகொண்டது. வெட்டியவர் விளக்கை அணைத்துவிட்டுக் கீழே இருந்த கூரையை எட்டிப் பார்த்தார். இனி வரைபடத்தில் எல்லா ஒட்டும் ஏறும் என்று எஞ்சினியர் என்னிடம் சொன்னார். ஏன் வெட்டினார்கள் என்பதற்கு அங்கே இடம் உண்டா என்று நான் கேட்டேன்.

மத்தியானக் கொழுந்தை எடை போட்டுவிட்டுப் பெண்கள் பார்க்க வந்தார்கள். ராஜேஸ்வரி மண்டியிட்டுத் துண்டுக்குள் தலையை நுழைத்தார். நானும் மறுமுனையில் குனிந்தேன். தண்ணீர் அரித்ததுபோக மிஞ்சிய சிவப்பு வர்ணம் மேல்பக்கத்திலிருந்து பாதி வரை வந்து, தூரிகை இழுத்த கோடுகளோடு அப்படியே நின்றிருந்தது. அதற்குக் கீழே வெறும் துரு. அந்த விபத்துக்குப் பிறகு வர்ணம் பூச அந்தக் குழாய்க்குள் இறங்க யாரும் சம்மதிக்கவில்லையாம். ராஜேஸ்வரி அந்தக் கோடுகளை விரலால் கடைசி வரை தடவிப் பார்த்தார். பின்பு தலையை வெளியே எடுத்து, என்னைப் பார்த்து, ஒரு வேலையாளைப் பற்றி இன்னொரு வேலையாளிடம் விசாரிப்பது போலக் கேட்டார்: "இம்புட்டுத்தான் அடிச்சிருக்காரு. மிச்சத்த அடிக்காம எப்படிங்க சார் போவாரு?"

அறிக்கையில் 'குறையைக் கண்டறிந்தவர்' என்ற கட்டத்தில் என் பெயர்தான் இருக்கிறது. அதை எழுதும்போது நான் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன் என்பதை எழுத அங்கே கட்டம் இல்லை.