வேம்புக்கு வந்த மாப்பிள்ளை

எங்கள் பழைய தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. அம்மன் கோயிலும் அதன் பின்னால் தொழிலாளர்கள் இருந்த சில லயத்து வீடுகளும்தான் மிச்சம். அதில் ஒன்றில் என் அக்கா தனியாக இருக்கிறாள். மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளையும் இல்லை. கோயில் வாசலில் அவள் நட்ட வேப்பமரம்தான் அவளுக்கு மகள்.

பல வருஷம் முன்பு அந்த வேம்பின் கவட்டில் அரசங்கன்று ஒன்று முளைத்தது. ஏதோ ஒரு பறவையின் எச்சம். நாங்களோ மாப்பிள்ளையே தேடி வந்துவிட்டதாகப் பந்தல் போட்டு, மேளம் வைத்து, இரண்டுக்கும் கல்யாணம் செய்து வைத்தோம். மாப்பிள்ளைக்குக் கையில்லாததால் அக்காவே தாலி கட்டினாள். நானும் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

போன மாதம், நான் இப்போது குடியிருக்கும் சிலிபினிலிருந்து வெகுநாள் கழித்துப் போனவன் அதிர்ந்து நின்றுவிட்டேன். உச்சியில் அரசு பச்சைப்பசேல் என்று ஆட, வேம்பில் ஓர் இலைகூட இல்லை. அடிமரத்தைச் சுற்றி என் தொடை பருமனுக்கு அரசின் வேர்கள். மரம் வெட்டும் வேலை செய்யும் என் மச்சானை அங்கிருந்தபடியே அழைத்தேன்.

அவன் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். “மேல வெயில அவன் மறைச்சிட்டான். கீழ தண்ணிய அவன் வேரு உறிஞ்சிருச்சு. ஒரு எடத்துல ரெண்டும் பொழைக்காது லா. இதுக்குப் போயா மேளம் வெச்சீங்க?”

மரத்துக்கு மரம் இப்படியா செய்யும்? அட பாவிகளா, கொலைகாரனுக்கா ஆரத்தி எடுத்தோம்!

“அரசை வெட்டிடலாம்க்கா” என்றேன். அம்மன் வாசலில் ஒரு தாலியை அறுப்பதா என்று அவள் அழுவாள் என நினைத்தேன். அழவில்லை.

“வெட்டு. தாலி போனா செத்தா போயிருவா? நான் இருக்கல?”

மச்சான் சைன்சா ரம்பத்தை எடுக்கவில்லை. வேர்களின் இடுக்கில் கையை விட்டு வேம்பைத் தட்டினான். காலிப் பீப்பாய் மாதிரி சத்தம் வந்தது.

“கோச்சுக்காதீங்கக்கா. இவ செத்து ரொம்ப நாளாச்சு. அவன் இறுக்கிப் பிடிச்சிருக்கறதாலதான் நிக்கிறா. அவன வெட்டுனா இவளும் சாஞ்சிருவா.”

அக்கா மரத்தையும் மச்சானையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“காலையிலகூட இவகிட்ட பேசிட்டுத்தானே இருந்தேன்” என்றாள்.