நான் வாசிக்காமல் விட்ட மௌனங்கள்

தவமணியின் நாடகத்தைக் கொன்றவள் நான். தெரிந்தே செய்தேன். பொறாமையால் செய்தேன்.

சொல்லிவிட்டேன்... இனி நீங்கள் என்னை எப்படிப் பார்த்தாலும் சரி.

எங்கள் தீவில், டெலானிபூரில் ஒரு சிறிய கூடத்தில், புதிதாக நாடகம் எழுதுபவர்களுக்கு ஆண்டுதோறும் பயிலரங்கு நடத்துகிறேன். எழுதிக்கொண்டு வருவார்கள், சேர்ந்து உட்கார்ந்து திருத்துவோம், கடைசி நாளன்று பார்வையாளர்கள் முன் வாய்விட்டு வாசிப்போம். பிறர் எழுத்தை வளர்ப்பவள் என்று என்னைப் புகழ்வார்கள். நானும் நாடகம் எழுதுகிறவள் என்பது ஒருவருக்கும் நினைவில்லை. நினைவில் நிற்கும்படி நான் எதை எழுதினேன்!

தவமணி தெற்கே இன்னொரு தீவிலுள்ள ஹட் பேயிலிருந்து கப்பலில் வந்தாள். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். கூச்சத்தோடு நோட்டை நீட்டினாள்.

"என்னமோ எழுதியிருக்கேன் அக்கா. கல்தி, தப்பு ஏதாவது இருந்தா சொல்லுங்க."

எண்ணெய்ப்பனைத் தோட்டத்தை மூடிய நாளன்று ஒருவன் வீடு திரும்புகிறான். மனைவி சோறு போடுகிறாள். அவ்வளவுதான் நாடகம். "சாப்பிடுறீங்களா?" என்று கேட்கிறாள். அடுத்த வரியில் 'மௌனம்' என்று எழுதியிருந்தாள். 'அவன் கையைக் கழுவுகிறான். மீண்டும் கழுவுகிறான். மௌனம்.' பிறகுதான் அவன், "நாளைக்கு எழுப்பாதே" என்கிறான்.

படித்ததும் என் உடம்பு சிலிர்த்தது. மறுகணமே நெஞ்சு எரிந்தது. இத்தனை ஆண்டுகளாக நான் பக்கம் பக்கமாக எழுதியும் வராத ஒன்று, இவளுக்கு ஒற்றைச் சொல்லில் வந்துவிட்டதே!

நீங்கள் கேட்கலாம், அவளோடு எனக்கு என்ன போட்டி என்று. ஒன்றுமில்லை! சென்னையிலிருந்து வந்திருந்த இயக்குநர் ஒரு நாடகத்தைத் தேர்ந்தெடுத்து மேடையேற்றுவதாக இருந்தார். அவர் தேர்வுக்கான பட்டியலில் என் நாடகமே கிடையாது. அவள் தோற்றால் எனக்கு ஒரு துரும்பும் கிடைக்காது. ஆனாலும்... அவள் ஜெயிக்கக் கூடாது.

மேடைக் குறிப்புகளை வாசிப்பது எப்போதும் என் பொறுப்பு. அவள் நாடகத்தை வாசிக்கவிருந்த நடிகர்கள் இருவரையும் தனியே அழைத்தேன். "குறிப்பெல்லாம் நான் பாத்துக்கிறேன். உங்க வசனத்தை மட்டும் நிக்காம, கடகடன்னு சொல்லிட்டே போங்க" என்றேன்.

வாசிப்பு தொடங்கியது. ஒரு மௌனத்தையும் நான் வாசிக்கவில்லை. கை கழுவுவதையும் விழுங்கிவிட்டேன். கேள்வியும் பதிலும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடின. கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. யாரோ இருமினார்கள். மரியாதைக்குக் கைதட்டினார்கள்.

"வசனம் சின்னதா இருக்கு, சரி... ஆனா மனசுல எதுவும் தங்கலையே" என்றார் இயக்குநர். வேறொருவரின் நாடகம் கடல் கடந்து மெயின்லேண்டுக்குப் போயிற்று.

தவமணி என்னிடம் வந்தாள். கோபமில்லை அவளுக்கு. அதுதான் கொடுமை!

"அக்கா... மௌனத்தையெல்லாம் விட்டுட்டீங்களே?"

அந்த நிமிடத்தில்கூட நான் மனுஷியாகியிருக்கலாம். ஆகவில்லை.

"வாசிச்சா அதெல்லாம் நிக்காது தவமணி. கேக்குறவங்க தூங்கிடுவாங்க. உன் நல்லதுக்குத்தான் விட்டேன்."

"அப்படியா அக்கா? எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்..." என்று தலையாட்டினாள். என்னை நம்பினாள்!

அடுத்த ஆண்டு அதே நாடகத்தைத் திருத்தி எடுத்து வந்தாள். மௌனம் இருந்த இடமெல்லாம் பேச்சு. அவன் தோட்டத்தைப் பற்றி ஒரு பக்கம் புலம்பினான்; மனைவி ஒரு பக்கம் அழுதாள். அச்சு அசல் என் நாடகங்களைப் போலவே இருந்தது.

"இப்பதான் நல்லா வந்திருக்கு" என்றேன். எனக்குள் ஏதோ குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது தவமணி எனக்குத் துணையாகப் பயிலரங்கு நடத்துகிறாள். போன மாதம் திக்லிபூரிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். அவள் எழுதியதைத் தவமணி பொறுமையாக, அன்போடு படித்தாள். பிறகு ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"இங்க ஏம்மா சும்மா நிக்கிறாங்க? ஏதாவது பேச வை. அக்கா எனக்குச் சொல்லிக் குடுத்தது."

இருவரும் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள்.

நான்... ஆமாம் என்று தலையசைத்தேன். அந்தப் பெண் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள்.