கதவில் எழுதியதும் துணியில் எழுதியதும்

பிள்ளைகளே, மொன்றியலில் பார்க் எக்ஸ்டென்ஷனை விட்டு ஏன் செயின்ட்-மிஷேலுக்கு வந்தோம் என்று இப்போதும் கேட்கிறீர்கள். உங்கள் அப்பாவான எனக்கிருந்த ஜெனிட்டர் வேலை போனதால் வந்தோம். அது ஏன் போனது என்று எழுதி வைக்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை.

1. கதவு

2006 கோடை. லெபனானில் இஸ்ரேலோடு சண்டை. நான் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தைக் கூட்டித் துடைத்துப் பராமரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பேஸ்மென்ட் வீடு அந்த வேலையோடு வந்தது. ஒரு காலை படி கூட்டிக்கொண்டு போகையில், எட்டாம் நம்பர் கதவில் கறுப்பு மார்க்கரால், பிரெஞ்சில், "இஸ்ரேலுக்குத் திரும்பிப் போ" என்று எழுதியிருந்தது. அங்கே இருந்தவர் சாமுவேல் என்ற யூதர், ஓய்வுபெற்ற தையல்காரர். மொன்றியலில் பிறந்து மொன்றியலிலேயே கிழவரானவர்.

கட்டடச் சொந்தக்காரர் எங்கள் ஊர்த் தமிழர்; அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். நகரின் மேற்குப் புறத்தில், பியர்பொன்ட்ஸில் பங்களா வீடு. போனில் சொன்னேன்.

"உது பெடியளின்ரை அரசியல் கிறுக்கல், தம்பி. ஒரு நாட்டின்ரை பேர்தானே எழுதிக் கிடக்கு? பெயின்ட் அடிச்சு விடும்."

"இல்லை அண்ணை, அது அந்த மனுசனுக்கு எழுதினது. பொலிஸ் வந்து பாத்தாப் பிறகுதான் அடிப்பன்."

"வீணாக் கட்டடத்துக்குப் பேர் கெடும்."

"உங்கடை கதவிலை 'ஊருக்குப் போ' எண்டு எழுதியிருந்தா?"

அவர் போனை வைத்துவிட்டார். பொலிஸ் வந்து படம் எடுத்துக்கொண்டு போனது. பிறகுதான் பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்தேன், இரண்டு கோட். பிரைமர் இல்லாமல் பூசினால் மார்க்கர் மை திரும்ப வெளியே வரும்.

2. துணி

அடுத்த கிழமை, மூன்றாம் மாடியில் இருந்த லெபனான்காரி நாடியா தன் பல்கனியில் ஒரு படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டாள். "இஸ்ரேல் அரசே, குண்டுவீச்சை நிறுத்து." அவளுடைய தாய் பெய்ரூட்டில் இருந்தாள்.

அண்ணை காரில் பறந்து வந்தார்.

"உதைக் கழட்டும். உது யூத வெறுப்பு. யூத வெறுப்பு எண்டா என்ன எண்டு ஐரோப்பாவிலை வரையறை எழுதியிருக்கினமாம். இஸ்ரேலைப் பற்றிக் கதைக்கிறதும் அதுக்குள்ளை வருமாம். நாளைக்கு இஞ்சையும் சட்டமா வரும்."

"கதவிலை எழுதினது அரசியல், துணியிலை எழுதினது வெறுப்பு. நல்ல நியாயம் அண்ணை."

"எனக்குப் படிப்பிக்காதையும். எங்கடை ஆக்களையே ஒரு மாதிரித்தான் பாக்கிறாங்கள். எனக்கு வழக்கு வேண்டாம்."

"கொழும்பு அரசாங்கம் குண்டு போடுது எண்டு நாங்கள் ஊர்வலம் போகேல்லையோ? நீங்களும்தான் பதாகை பிடிச்சனீங்கள். சிங்களச் சனத்தை வெறுத்தோ பிடிச்சனீங்கள்?"

அவர் முகம் கறுத்தது. "சாவி உம்மட்டைத்தானே இருக்கு? அவள் வேலைக்குப் போன நேரம் திறந்து கழட்டும். வெள்ளிக்கிழமைக்குள்ளை நடக்காட்டி வேறை ஆளைப் பாக்கிறன். வீட்டையும் யோசியும்."

உங்கள் அம்மா அன்று அழுதா. "ஒரு துணி. கழட்டிப் போட்டு வாங்கோவன். பிள்ளையளைக் கொண்டு எங்கை போறது?" அவ கேட்டதில் பிழையில்லை.

நான் சாமுவேலின் கதவைத் தட்டினேன். அந்தத் துணி அவரைப் பயப்படுத்துகிறதா என்று கேட்டேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"கதவைப் பாத்துப் பயந்தன். துணியைப் பாத்தாக் கோபம்தான் வருது. ஹைஃபாவிலை என்ரை தங்கச்சி. அங்கையும் ரொக்கெட் விழுது. அதையும் எழுது எண்டு அவளைப் படியிலை மறிச்சுக் கேட்டன். மாட்டாளாம். நாளைக்கும் மறிப்பன்."

"அப்ப கழட்டட்டோ?"

"கழட்டினா நான் ஆரோடை சண்டை பிடிக்கிறது? உன்னோடையோ? நீ எல்லாத்துக்கும் தலையாட்டுற ஆள்."

3. சாவி

வெள்ளிக்கிழமை அண்ணை வந்தார். துணி அசைந்துகொண்டிருந்தது. சாவிக்கொத்தை அவர் கையில் வைத்தேன்.

"இது பைப் வெடிச்சா உள்ளுக்குப் போறதுக்குத் தந்த சாவி. ஒருத்தியின்ரை வாயைப் பொத்துறதுக்கில்லை. வேணுமெண்டா நீங்களே ஏறிக் கழட்டுங்கோ."

அவர் சாவியைப் பார்த்தார், மேலே பார்த்தார். ஏறவில்லை; வேலைக்கு மட்டும் வேறு ஆளைப் பிடித்தார். சண்டை ஓய்ந்த பிறகு நாடியாவே அதைக் கழற்றித் தோய்த்துக் காயப்போட்டாள். அதற்குள் நாங்கள் பெட்டி கட்டிவிட்டோம்.

அண்ணை சொன்ன அந்த ஐரோப்பிய வரையறையைப் பிறகு உங்களில் மூத்தவள்தான் எனக்கு வாசித்துச் சொன்னாள். மற்ற நாடுகளைக் கண்டிப்பதுபோல இஸ்ரேலைக் கண்டித்தால் அது யூத வெறுப்பாகாது என்றும் அதில் ஒரு வரி இருந்தது. பயந்தவன் கையில் சட்டம் கிடைத்தால் முதலில் தொலைவது அப்படியான வரிதான். அண்ணைக்குச் சட்டம்கூடத் தேவைப்படவில்லை; சட்டம் வருமாம் என்ற கதையே போதுமாயிருந்தது.

வெறுப்பைத் தடுக்கச் சட்டம் வேண்டும். எட்டாம் நம்பர் கதவுக்குப் பிரைமர் அடித்த நான் அதை மறுக்கமாட்டேன். துணியிலும் வெறுப்பு எழுதலாம். எல்லாம் இந்த இரண்டைப் போலத் துலக்கமாக இராது. ஆனால் சொல்லை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அது ஆரைத் துரத்துகிறது, ஆரைக் கேள்வி கேட்கிறது என்று பாருங்கள். ஒரு மனிதனின் கதவில் எழுதியிருந்தால் பிரைமரை எடுங்கள். ஓர் அரசாங்கத்துக்கு எழுதியிருந்தால், வீடு போனாலும், சாவியை எடுக்காதீர்கள்.