தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையும் தணிகாசலம் சாரும்

சுனாமிக்கு அடுத்த வருஷம். மதுராந்தகம் ஏரி நிரம்பி ரோட்டில் தண்ணீர் ஓடிய வருஷம். அந்த வருஷம் என் மகளை என்னிடம் திரும்பக் கொடுத்த தணிகாசலம் சார், இன்று காலை ஊரப்பாக்கத்தில் இறந்துவிட்டார்.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் டைப் பண்ணுகிறாள்.

நானும் என் சம்சாரம் அஞ்சலையும் ஹோமிலிருந்து தத்துப்பிள்ளையைத் தூக்கி வந்த புதிது. கோர்ட் ஆர்டர் வரும்வரை தணிகாசலம் சார் குழந்தைகள் நல ஆபீசிலிருந்து வந்து வந்து பார்ப்பார். ரொம்ப ஸ்ட்ரிக்ட்... எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்.

பிள்ளைக்கு ஓயாமல் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கும் போனோம். கூடவே எங்கள் பக்கத்து வழக்கப்படி, பக்கத்து வீட்டுப் பாக்கியத்திடம் பிள்ளையைக் கொடுத்து, ஒரு முறம் தவிடு தந்து திரும்ப வாங்கினோம். அப்படி வாங்கினால் பிள்ளை தங்கும்.

அடுத்த முறை சார் வந்தபோது பாக்கியம் வாசலிலேயே பெருமையாகச் சொல்லிவிட்டாள். "நான்தான் சார் புள்ளய வித்தேன்."

அவ்வளவுதான்.

"தவிடோ தங்கமோ, புள்ளைய விக்கிறது குத்தம்," என்றார் சார். பிள்ளை திரும்ப ஹோமுக்கு. அஞ்சலை சோற்றில் கை வைக்கவில்லை.

செங்கல்பட்டில் விசாரணை. விசாரிக்கும் கமிட்டி மேடம், சார், நாங்கள் இருவர், பாக்கியம். பிள்ளையையும் கொண்டுவந்திருந்தார்கள். சார் ரிப்போர்ட் படிக்க, அஞ்சலை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாரு, உங்க மூக்குல தழும்பு கீதே... சின்னதுல குத்தினதா?"

சார் கை மூக்குக்குப் போனது. "எனக்கு முன்ன பொறந்தது ரெண்டும் தங்கல. அதான் குத்தினாங்க."

"அப்ப மூக்கு குத்தின கையோட உங்களையும் தவுட்டுக்குத்தான் வாங்கிக்கீறாங்க. உங்கம்மா மேல கேஸ் போட்டாங்களா, நைனா?"

மேடம் குனிந்து சிரித்தார். சார் சிரிக்கவில்லை. ரிப்போர்ட்டில் பிள்ளையை விற்றதாக எழுதிய வரியை அடித்துக் கையெழுத்துப் போட்டார். அவரே பிள்ளையைத் தூக்கி அஞ்சலை மடியில் வைத்தார்.

"தூக்கினு போம்மா. இனிமே தவுடு கிவுடுன்னா ஆபீஸ்ல சொல்லிட்டுச் செய்."

எங்கள் ஊர் மாமல்லபுரம் வரும்வரை பஸ்ஸில் ஒருவரையும் அஞ்சலை விடவில்லை. "எம்பொண்ணு... கவர்மெண்ட்டே குடுத்துச்சு."

கோர்ட் ஆர்டர் வந்த அன்று சார் எங்கள் வீட்டில் டீ குடித்தார். இன்னொரு கிளாஸும் கேட்டு வாங்கினார்.

போய் வாருங்கள் சார். உங்கள் கையால் தந்த பிள்ளை இப்போது நாவலூரில் வேலைக்குப் போகிறாள். லீவு போட்டுவிட்டாள். மாலை வாங்கியாயிற்று, அவள் வண்டியிலேயே வருகிறோம்.

அஞ்சலை இல்லை. பாக்கியம் இல்லை. மேடமும் போன வருஷம் போய்விட்டார். அன்று அந்த அறையில் இருந்த பெரியவர்களில் மிச்சம் நான் ஒருவன்... ஏகாம்பரம், கோமதியின் அப்பா.