டாங்கிக் கப்பல் திரும்பும் நேரம்

போன வருடக் கோடைகாலம். ஆக்லாந்தில் மவுண்ட் ஆல்பர்ட் பகுதியில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் நான் பராமரிப்பாளராக வேலை பார்க்கிறேன். அங்கே நூறு வயதை நெருங்கிய ஒரு வெள்ளைக்காரர் இருக்கிறார். நல்ல மனிதர். ஞாபகம் மட்டும் வந்து வந்து போகும். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வந்து அவரைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவார். அந்த வாரம் முழுக்க அதே பேச்சாக இருப்பார்.

அப்போது எங்கள் முன்வாசலில் இருந்த பழைய மரக்கதவை எடுத்துவிட்டு, தானாகத் திறக்கும் இரட்டைக் கதவு போட்டார்கள். தொல்லை அன்றுதான் தொடங்கியது. கர்ரென்ற இரைச்சலோடு கதவு இரண்டு பக்கமும் விலகும். வெயில் உள்ளே பாயும். உடனே அவர் பிடித்து நடக்கும் வாக்கரை விட்டுவிட்டுச் சுவரோடு ஒண்டிக்கொண்டு, "குனியுங்கள்! எல்லாரும் குனியுங்கள்!" என்று கத்துவார். ஒருமுறை விழவே பார்த்தார். பின்வாசலிலோ செங்குத்தான படிகள். வெளியே போவதே நின்றுபோயிற்று. சாப்பாடும் குறைந்தது.

அந்த நேரத்தில் பேத்தியின் கல்யாணம் வந்தது. தூக்க மருந்து கொடுத்துக் கூட்டிப்போகலாம் என்றார் டாக்டர். மகள் ஒப்புக்கொள்ளவில்லை. "தன் கல்யாணத்தை அவர் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதானே பிள்ளை ஆசைப்படுகிறாள்?" என்று கலங்கினார்.

என்னோடு வேலை செய்யும் கோயம்புத்தூர் நர்ஸ், "வயசாயிருச்சுல்ல, அப்படித்தான் இருக்கும். நீ எதுக்குப் போட்டுக் குழப்பிக்கிற?" என்றார்.

"இல்லை அக்கா, அவர் எதையோ கண்டுதான் பயப்பிடுறார்" என்றேன்.

ஒரு நாள் அவருடைய துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது, அவர் அறைச் சுவரில் இருந்த படத்தை முதல்முறையாக நன்றாகப் பார்த்தேன். மணலில் மூக்கை ஏற்றி நிற்கும் ஒரு பெரிய கப்பல். முன்பக்கம் இரண்டு கதவுகளாகப் பிளந்திருக்க, உள்ளிருந்து ஒரு ராணுவ டாங்கி இறங்குகிறது. அந்த மாதிரிக் கப்பலில் நானும் போயிருக்கிறேன். யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை போரால் பூட்டியிருந்த காலத்தில், சின்னப் பிள்ளையாக, காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்கு. இருட்டான இரும்புத் தளத்தில் அம்மாவின் மடியில் வாந்தி எடுத்தபடி கிடந்தேன். கரையில் அந்தக் கதவுகள் திறந்து வெளிச்சம் வந்தபோது, தப்பிவிட்டோம் என்றுதான் எனக்குத் தோன்றியது. இவருக்கு எப்படித் தோன்றியிருக்கும்?

மகளிடம் கேட்டேன். இரண்டாம் உலகப் போரில் அவர் அந்தக் கப்பலில் மாலுமி. கதவுகளைத் திறப்பதுதான் அவர் வேலை. ஒரு கரையில் திறந்த மாத்திரத்தில் குண்டு பாய்ந்து, பக்கத்தில் நின்ற நண்பன் அங்கேயே விழுந்து இறந்துவிட்டான்.

"டாங்கிகளை இறக்கிவிட்டுக் கப்பல் வெறுமையாகவா திரும்பும்?" என்று கேட்டேன்.

"இல்லை. டாங்கி நின்ற தளத்திலேயே காயம்பட்டவர்களை அடுக்கடுக்காகப் படுக்கவைத்துக் கொண்டுவருவார்களாம். போர் முடிந்ததும் அந்தக் கப்பல் படைவீரர்களை ஊருக்கு ஏற்றிவந்தது. பிறகு பழைய இரும்புக்கு உடைத்துவிட்டார்கள். திரும்பி வந்த பயணங்களைப் பற்றி மட்டும் அப்பா சந்தோஷமாகச் சொல்வார்."

கல்யாண நாள் காலை. கோட்டு மாட்டி, பதக்கங்கள் குத்தி, அவரை வாசலுக்கு அழைத்து வந்தேன். கதவைக் கண்டதுமே சுவர்ப் பக்கம் ஒதுங்கப் பார்த்தார். கதவு திறந்துவிடாத தூரத்தில் நிறுத்தி, "இப்போது எங்கே நிற்கிறோம்?" என்று கேட்டேன்.

"கரை வந்துவிட்டது" என்றார் மெல்ல.

"டாங்கிகள் எல்லாம் இறங்கிவிட்டன. இது திரும்பும் பயணம். காயம்பட்டவர்களோடு ஊருக்கு வந்துவிட்டோம். கதவைத் திறக்கலாமா?"

அவர் என் பக்கம் திரும்பினார். "எல்லாரும் இருக்கிறார்களா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "உங்களால் கொண்டுவர முடிந்தவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள்" என்றேன்.

அவர் முதுகை நிமிர்த்தினார். "திறவுங்கள்!"

கதவருகே நின்ற நர்ஸ் அக்கா, அது திறக்கும்படி ஓரடி முன்னால் எடுத்துவைத்தார். அதே இரைச்சல், அதே வெயில். பெரியவரின் உடம்பு ஒருதரம் தூக்கிப்போட்டது. என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். ஆனால் குனியவில்லை. வெளியே மகள் கார்க் கதவைப் பிடித்தபடி அழுதுகொண்டே சிரித்தார். பெரியவரோ வாக்கரைத் தள்ளிக்கொண்டு நடந்துபோய், "நல்ல வெயில்" என்றார்.

"என்னடி மந்திரம் போட்ட?" என்றார் நர்ஸ் அக்கா.

கல்யாணத்தில் தாடையெல்லாம் கிரீம் ஒட்ட அவர் கேக் சாப்பிட்ட வீடியோவை மகள் அனுப்பியிருந்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமைக் கடற்கரை மறுபடி நடக்கிறது. சில நாட்களில் வாசலில் நின்று, "திரும்பும் பயணம்தானே?" என்று என்னைக் கேட்டு உறுதி செய்துகொள்வார். யாராவது ஓரிடத்தில் பயந்து உறைந்து நின்றால், அவர்களைக் கையைப் பிடித்து இழுப்பதற்கு முன்னால், அவர்கள் மனதுக்குள் எங்கே நிற்கிறார்கள் என்று கேட்டுப் பார்க்கும் பொறுமை அன்றிலிருந்து எனக்கு வந்திருக்கிறது.